நாலுல ஒண்ண எடுத்துக்கக்கா

எங்க அக்கா ரெபேக்காளுக்கு நாலு புள்ளைங்க. மூத்தவ ஜாய்ஸ், ஒம்போது வயசு. அடுத்தது ஜெனிஃபர், ஏழு. கொஞ்சம் தூசி பட்டாலே அவளுக்கு இழுப்பு வந்துடும். அப்புறம் ஜோஷ்வா, நாலு வயசு. கடைசி ஜோயல், போன வருஷம் பொறந்தவன், இன்னும் பால் குடிக்கிறான். செங்கல்பட்டுல ஒத்த ரூமு வாடகை வூடு. அதுக்குள்ள இந்த நாலு, அவ, அவ புருஷன் பூபாலன், ஒரு பீரோ. பீரோவத் தொறக்கணும்னா ரெண்டு பேரு வெளிய வந்து நிக்கணும்.

இந்தக் கும்பலக் கூட்டிகினு காணும் பொங்கலுக்கு மகாபலிபுரம் போனோம். ஏதோ ஜாலியா சுத்திட்டு வந்த கதைன்னு நெனச்சிடாதீங்க. சொல்லும்போதே எனக்கு வயிறு எரியுது.

எங்க மாமா பூபாலன் லோடு வண்டி ஓட்டுறாரு. கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன். ஆனா யாரையும் கேக்காம வாய வுடுற மனுஷன். அவருக்கு அவங்க அக்கா சலோமின்னா உசுரு. அம்மா செத்துப்போன வூட்ல அந்தக்காதான் சோறாக்கிப் போட்டு இவர ஆளாக்குனாங்களாம். சலோமியக்காவுக்குக் கல்பாக்கத்துல குவார்ட்டர்ஸ், வூட்டுக்காரரு ஞானதாஸுக்கு அங்கியே நல்ல வேல. கல்யாணமாகி பதினாறு வருஷம், புள்ள இல்ல. போன கிறிஸ்மஸுக்கு எல்லாரும் அவங்க வூட்ல பிரியாணி சாப்ட்டுகினு இருக்கும்போது, போதகரு எதிர்லயே சலோமியக்கா அழுதுட்டாங்க. உடனே எங்க மாமா தட்டத் தள்ளி வச்சிட்டு சொல்லியிருக்காரு:

"ஏங்க்கா அழுவுற? எனக்கு நாலு கீதே! நாலுல ஒண்ண எடுத்துக்கக்கா. எது வேணுமோ நீயே பாத்து எடுத்துக்க."

புள்ளைங்க இன்னா கோழிக்குஞ்சா!

எங்கக்கா அப்போ சமையக்கட்டுல ஏனம் கழுவிகினு இருந்தா. கொழாத் தண்ணி சத்தத்துல ஒண்ணும் காதுல வுழல. போதகரு எழுந்து கைய ஒசத்தி ஜெபம் பண்ண ஆரம்பிச்சதும், எல்லாரும் மாதிரி இவளும் கொழாவ மூடிட்டு, தலையில முந்தானையப் போட்டுகினு கண்ண மூடிகினா. "இந்தத் தாயும் தகப்பனும் மனசார ஒப்புக்குடுக்கிற புள்ளைக்காக ஸ்தோத்திரம்"னு அவரு முடிச்சாரு. இவ உள்ளேர்ந்தே கணீர்னு "ஆமென்"னு சொல்லிட்டா. எங்க ஜனங்களுக்கு இது ஒரு பழக்கம். யாரு எதுக்கு ஜெபம் பண்ணாலும் கடைசியில ஒரு ஆமென் போட்டுடுவோம். இன்னான்னு கேக்கறதே இல்ல.

விஷயம் தெரிஞ்சு அன்னிக்கு ராத்திரி அவ வூட்ல கத்துனப்போ மாமா ஒரே வார்த்ததான் சொன்னாரு. "நீயுந்தானே ஆமென் சொன்ன? கர்த்தர் முன்னால சொல்லிட்டு இப்போ மாத்துவியா?"

எங்க சொந்தத்துல கூடப்பொறந்தவங்களுக்குப் புள்ள இல்லன்னா ஒண்ணு குடுக்கிறது உண்டு. பேப்பரு, கோர்ட்டு ஒண்ணும் கெடையாது. ஞாயித்துக்கெழம ஆராதனையில புள்ளைய முன்னால நிக்கவச்சு, ஜெபம் பண்ணி, கைய மாத்திக் குடுத்துடுவாங்க. பொங்கல் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழம அதுக்குன்னு முடிவாச்சு. அதுக்கு முன்னால காணும் பொங்கலன்னிக்கு எல்லாரும் மகாபலிபுரம் வர்றது, புள்ளைங்க ஓடி ஆடும்போது சலோமியக்கா பாத்து ஒண்ண சொல்றது. இதான் ஏற்பாடு.

ரெபேக்காள் என்கிட்ட ஓடியாந்தா. நான் ஒரு துணிக்கடையில நிக்கிறேன். கட வாசல்லயே மூக்க சிந்திகினு அழுதா. "அண்ணி ஜோஷ்வாவதான்டி கேப்பாங்க. ஜோயலு பால் குடிக்கிறான், அவன எடுக்க முடியாது. ஜெனிஃபரு இழுப்புக்காரி. ஜோஷ்வாதான் செவப்பா கீறான், நல்லா பேசுறான், ஆம்பளப் புள்ள வேற. அவன் போய்ட்டா நான் செத்துடுவேன்டி."

ஜாய்ஸ் பேர அவ சொல்லவே இல்ல. நானும் கேக்கல. ஒம்போது வயசுப் புள்ளைய யாரு தத்து எடுப்பாங்க?

அந்தக் கேடுகெட்ட யோசன என்னுதுதான். வேற யாரையும் சொல்ல மாட்டேன். "அழாதடி, ஜோஷ்வாவப் பாத்தாலே அவங்களுக்குப் புடிக்காத மாதிரி பண்ணிடலாம்"னு நான்தான் சொன்னேன். மூணு நாளு அவனுக்குப் பாடம் எடுத்தோம். அத்த மிட்டாய் குடுத்தா துப்பு. தூக்க வந்தா கடி. சொன்ன பேச்சக் கேக்காத, ஓடு. நாங்க சொல்லச் சொல்ல அவன் குதிச்சிகினு செஞ்சு காட்டுனான். நாங்க ரெண்டு பேரும் வயிறு வலிக்க சிரிச்சோம். ஜாய்ஸ் அந்த ரூமுலதான் ஒரு ஓரமா ஒக்காந்து ஜோயலுக்குச் சட்ட மாட்டிகினு இருந்தா. அவ சிரிக்கல.

ஜாய்ஸப் பத்தி சொல்லணும்னா இவ்ளோதான் விஷயம், எப்பவும் இடுப்புல ஒரு கொழந்த இருக்கும். ஜெனிஃபரு பொறந்தப்போ அவளுக்கு ரெண்டு வயசு, அப்பவே துணி எடுத்துக் குடுப்பா. ஜோஷ்வாவ அவதான் தூக்குனா, இப்போ ஜோயல். பள்ளிக்கூடம் வுட்டு வந்து பையக் கழட்டுறதுக்குள்ள கொழந்தைய அவ கையில திணிச்சிடுவா எங்கக்கா. லேட்டா வந்தா தலையில நங்குனு ஒரு கொட்டு. நான் கேட்டா, "மூத்த பொண்ணுன்னா அப்டித்தான்டி. நான் உன்னத் தூக்கல?" ம்பா. நெசந்தான். நான் எங்கக்கா இடுப்புலதான் வளந்தேன். எங்கம்மா அச்சரப்பாக்கம் பக்கம் நாத்து நடப் போவும்போது இவதான் என்னப் பாத்துகினா. அதுல ஏழாவதோட படிப்பு நின்னுபோச்சு. அந்தக் கோவம் அவளுக்கு யாரு மேல இருந்துச்சோ தெரியல, எல்லாம் ஜாய்ஸ் தலையில எறங்குச்சு.

சரி, காணும் பொங்கலுக்கு வருவோம். அன்னிக்கு பஸ்ஸ ஊருக்குள்ள வுடல. வெளியவே எறக்கி வுட்டுட்டாங்க. வெயில்ல அம்மாந்தூரம் நடந்தோம். மாமா கையில ஜெனிஃபரு, என் கையில ஜோஷ்வா, எங்கக்கா கையில புளிசாதம் தூக்கு. ஜாய்ஸ் இடுப்புல ஜோயல், தோள்ல துணிப் பை, கையில தண்ணி பாட்டிலு. உள்ள நொழையும்போது ஒரு போலீஸ்காரம்மா, தொலஞ்சா கண்டுபுடிக்கணும்னு எல்லாப் புள்ளைங்க மணிக்கட்டுலயும் போன் நம்பரு எழுதி ஒரு பட்டி ஒட்டுனாங்க. ஜாய்ஸு கிட்ட வந்ததும், "நீ பெரியவ, உனக்கு வேணாம்ல?" ன்னாங்க. அவ தலைய ஆட்டிட்டா.

வெண்ணெய் உருண்டப் பாற இருக்கிற புல்லுத் தரையில சாதத் தூக்க எறக்கி வச்சோம். ஜனங்கன்னா ஜனங்க! கால் வைக்க எடமில்ல. சலோமியக்கா, வூட்டுக்காரருக்கு வேலன்னு தனியா, நல்ல பட்டுப்பொடவையில வந்தாங்க. கையில ஒரு ஸ்வீட் பாக்ஸ். வந்து ஒக்காந்ததும் நேரா ஜோஷ்வாவப் பாத்துதான் சிரிச்சாங்க. எங்கக்கா என் கைய நறுக்குனு கிள்ளுனா.

"வாடா கண்ணு, அத்த கிட்ட வா."

பய வாயில வச்ச மைசூர்பாக்க அப்டியே பட்டுப்பொடவ மேல துப்புனான். அவங்க சிரிச்சிகினே தொடச்சாங்க. மடியில இழுத்தாங்க. கட்ட வெரலுல ஒரு கடி, ரத்தமே வந்துடுச்சு. மாமா அவன் முதுகுல பளார்னு ஒண்ணு வுட்டாரு. எங்கக்கா "ஐயோ அண்ணி, வரவர அடங்கவே மாட்றான், வூட்லயும் இப்டிதான்"னு வாயப் பொத்திகினா. கை மறைவுல சிரிக்கிறா. நானும் சிரிச்சேன். ஜாய்ஸ் பாட்டில் தண்ணிய ஊத்தி அத்த வெரலக் கழுவி, தன் கர்ச்சீப்பால கட்டி வுட்டா. அப்புறம் எல்லாருக்கும் சாதம் போட்டா, ஜெனிஃபருக்கு இழுப்பு மாத்திர எடுத்துக் குடுத்தா. இதெல்லாம் தெனம் பாக்கறதுதானே. எங்க கண்ணுக்குத் தெரியவே இல்ல.

சாப்ட்டு முடிச்சு பாத்தா ஜோஷ்வாவக் காணோம்.

ஓடுன்னு சொல்லிக் குடுத்தோம் இல்ல, ஓடிட்டான். கையில ஒட்டியிருந்த பட்டி புல்லு மேல கெடக்குது. பல்லால கடிச்சுப் பிச்சிருக்கான். எதிர்ல அந்தக் கூட்டம், அதத் தாண்டுனா கடலு. ரெபேக்காள் "என் புள்ள! என் ராஜா!"ன்னு மார்ல அடிச்சிகினு கடல் பக்கம் ஓடுனா. மாமா போலீஸ் கிட்ட ஓடுனாரு. நான் ஜெனிஃபரப் புடிச்சிகினு அங்கியே ஒக்காந்து, "ஆண்டவரே, என் வாயாலதான் இந்தக் கேடு"ன்னு அழுதேன். சலோமியக்கா மட்டும் எழுந்திரிக்கல. முட்டி வலிக்காரங்க.

அர மணி நேரம் ஆச்சு, எங்கக்காவும் மாமாவும் காணோம்னு திரும்பி வந்துட்டாங்க. கடசியில ஜாய்ஸ்தான் கொண்டாந்தா. பஞ்சு மிட்டாய் சுத்துற மிஷின்கிட்ட வாயப் பொளந்துகினு நின்னானாம். எங்க நிப்பான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. முதுகுல ஜோஷ்வா உப்புமூட்ட, இடுப்புல ஜோயல். ஆமாங்க, அந்தக் கூட்டத்துல அவ்ளோ நேரமும் அவ ஜோயலத் தூக்கிகினுதான் தேடியிருக்கா. அவன வாங்கிக்கணும்னு எங்க யாருக்கும் தோணல. எங்கக்கா பாஞ்சு ஜோஷ்வாவ வாங்கி முத்தமா குடுத்தா. ஜாய்ஸ் கிட்ட, "இவ்ளோ நேரமாடி? கண்ணு எங்க மேயுது உனக்கு? தம்பியப் பாத்துக்கத் தெரியாது?"ன்னு கொட்ட கைய ஓங்குனா. மாமா தடுத்துட்டாரு.

அப்போதான் சலோமியக்கா தொண்டையக் கனச்சாங்க.

"பூபாலா, எனக்கு ஜாய்ஸக் குடு."

யாருக்கும் ஒண்ணும் புரியல.

"சின்னதுங்க பின்னால ஓட என்னால ஆவாது. இவ வளந்த புள்ள. எல்லா வேலையும் தெரிஞ்சவ. வந்ததுலேர்ந்து பாத்துகினுதான் கீறேன்."

வேல தெரிஞ்சவ! அவங்களுக்கும் புள்ள வேணாம், எடுபிடிதான் வேணும். எனக்கு அப்பவே புரிஞ்சுது. புரிஞ்சும் வாய மூடிகினு இருந்தேன்.

உள்ளத சொல்லணும். நான் எங்கக்கா மொகத்தப் பாத்தேன். மொதல்ல அதுல வந்தது நிம்மதி. அப்பாடா, ஜோஷ்வா தப்பிச்சான்ற நிம்மதி. ஒரு நொடிதான். ஆனா அந்த நொடியில ஜாய்ஸும் அவ மொகத்தத்தான் பாத்துகினு இருந்தா. அப்புறந்தான் எங்கக்காவுக்கு ஒறச்சுது. ஒறச்சதும் பதறிப்போயி சொன்னா பாருங்க:

"ஐயோ, இன்னா அண்ணி நீங்க! அவ போய்ட்டா ஜோயல யாரு பாத்துப்பா? நான் ஒண்டியா இன்னா பண்ணுவேன்?"

பாவி, பாவி! இது என் பொண்ணு, குடுக்க மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? அவ மனசுல அதுவும் இருந்துச்சு. அப்புறம் என்கிட்ட எத்தினி வாட்டி சொல்லி அழுதிருக்கா. ஆனா வாயில வந்தது இதுதான்.

மாமா தலையச் சொறிஞ்சாரு. "பெரிய புள்ளக்கா. அவளையே ஒரு வார்த்த கேட்டுடு."

"இன்னாம்மா ஜாய்ஸு, அத்த வூட்டுக்கு வர்றியா?"

ஜாய்ஸ் அம்மாவப் பாக்கல. ஜோயல இந்த இடுப்புலேர்ந்து அந்த இடுப்புக்கு மாத்திகினா.

"அத்த, உங்க வூட்ல கொழந்தைங்க யார்னா கீறாங்களா?"

"யாரும் இல்லம்மா. நீ ஒருத்திதான்."

"பக்கத்து வூட்ல கொழந்த இருந்தா நான் தூக்கணுமா?"

"அதெல்லாம் வேணாம்."

அவ ரெண்டடி வந்து, ஒக்காந்துகினு இருந்த எங்கக்கா மடியில ஜோயல எறக்கி வச்சா. துணிப் பையக் கழட்டி அவ பக்கத்துல வச்சா. "அப்போ வரேன் அத்த"ன்னா.

ரெபேக்காள் ஒக்காந்த எடத்துலேர்ந்தே எட்டி அவ கன்னத்துல ஒரு அற வுட்டா. சுத்தி இருந்த ஜனமே திரும்பிப் பாத்துச்சு. "பெத்தவள வுட்டுட்டு போறேன்னு எப்டிடி வாய் வருது உனக்கு? நன்றிகெட்டவளே! நானாடி உனக்கு ஆவாம போனேன்?"

ஜாய்ஸ் அழல. கன்னத்துல வெரலு அஞ்சும் பதிஞ்சிருக்கு, கை வச்சுக்கூட பாக்கல. நகந்து போயி சலோமியக்கா பொடவைக்குப் பின்னால நின்னுகினா.

"வர்ற ஞாயித்துக்கெழம சபையில வச்சு ஜெபம் பண்ணி..."ன்னு மாமா இழுத்தாரு.

"இப்பவே போலாமா அத்த?"ன்னு கேட்டா ஜாய்ஸ்.

போய்ட்டாங்க. மாத்துத் துணிகூட எடுத்துக்கல. கல்பாக்கம் போற பஸ்ஸு பக்கம் அத்தைக்கு முன்னால வெறுங்கைய வீசிகினு நடந்தா. ரெபேக்காள் "ஜாய்ஸு, ஏ ஜாய்ஸு, அடிச்சது தப்புதான், வாடி"ன்னு கத்துனா. எழுந்து ஓடத்தான் பாத்தா. மடியில ஜோயலு இருந்தான்.