திரைக்குப் பின்னால் பார்த்த படம்

ஈரத்துணி வாசம் வந்தால் எனக்கு இன்றைக்கும் சினிமா ஞாபகம்தான் வருகிறது...

சிரிக்காதீர்கள். எனக்கு வயது தொண்ணூறு தாண்டிவிட்டது. நான் சொல்லச் சொல்லப் பேரன் போனில் தட்டிக்கொண்டிருக்கிறான். 1930-களின் கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் டென்ட் கொட்டகை போட்டுப் படம் காட்ட வருவார்கள். படம் தொடங்கும் முன் ஒரு ஆள் ஏணியில் ஏறித் திரைத்துணியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவான். துணி நன்றாக நனைந்தால்தான் படம் மறுபக்கமும் தெரியும்.

அந்த மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தது நாங்கள்.

நாங்கள் தோட்டங்களில் கூலி வேலை செய்த சனம். திரைக்கு முன்னால் ஊர்க்காரர்கள், பின்னால் நாங்கள். போர்டு எதுவும் கிடையாது. இருந்திருந்தாலும் எங்களில் யாருக்குப் படிக்கத் தெரியும்?

எனக்கு அப்போது பத்து வயது. அதுதான் நான் பார்த்த முதல் படம். பின்னால் உட்கார்ந்ததை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. ஒலிபெருக்கி வேறு எங்கள் பக்கம்தான் இருந்தது. பாட்டெல்லாம் எங்களுக்குத்தான் சத்தமாகக் கேட்டது என்று எனக்குப் பெருமை!

அந்தப் படத்தில் ஒரு ராஜா. பெரிய வாழை இலை போட்டு விருந்து சாப்பிடுவார். இடது கையால்!

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ராஜாக்கள் இடது கையால்தான் சாப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் களியை இடது கையால் பிட்டு வாயில் வைத்தேன். முதுகில் ஒரு அறை விழுந்தது.

"பீச்சாங்கையில திங்கறயே, கூறு கெட்டவளே! எவடி உனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்றாள் அம்மா.

"ராசா அப்பிடித்தாம்மா உண்டாரு..."

அம்மாவும் அந்தப் படத்தைப் பார்த்தவள்தான். "ராசான்னா என்ன வேணும்னாலும் செய்வாரு. நாம செய்யலாமா?" என்றாள். அவளுக்கும் சந்தேகம் வரவில்லை பாருங்கள்.

அன்றைக்கு நாங்கள் நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம். தோட்டத்துக்காரர் மகள் தெய்வானை வரப்பில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் என் வயதுதான். கையில் அந்தப் படத்தின் கதையும் பாட்டும் அச்சடித்த பாட்டுப் புத்தகம். வேலை செய்கிற பெண்களுக்கு அதைப் பார்த்துக் கதை சொல்ல ஆரம்பித்தாள். நாங்களும் பார்த்த படம்தான். இருந்தாலும் அவள் சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

விருந்துக் கட்டம் வந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மணி, ராசா எதுக்குங்க பீச்சாங்கையில உண்டாரு?"

"என்ன புள்ள ரங்கா சொல்ற? சோத்துக்கையிலதான உண்டாரு."

"இல்லீங்க அம்மணி. எங்கண்ணால பார்த்தேனுங்க."

தெய்வானை ஒரு நிமிடம் முழித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"நீங்கெல்லாம் துணிக்குப் பொறத்தாலயல்ல ஒக்காந்திருந்தீங்க! உங்களுக்கு எல்லாமே மாறித்தான் தெரிஞ்சிருக்கும்!"

அவள் கெட்ட மனசோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அவள் பட்டுப்பாவாடை உடுத்தியபோது எனக்குப் பொறாமை வந்ததில்லை. பாட்டுப் புத்தகத்தைப் படித்தபோதுகூட வரவில்லை. நான் பார்த்தது பின்பக்கம், அவள் பார்த்ததுதான் படம் என்று தெரிந்த அந்த நொடியில் வந்தது பாருங்கள்... வயிறெல்லாம் பற்றிக்கொண்டது. பிடுங்கின செடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். ஒரே ஒரு தடவை முன்பக்கம் கூட்டிப்போகச் சொல்லி அழுதேன்.

"எந்தப் பக்கம் பார்த்தாலும் படம் ஒண்ணுதான கண்ணு," என்றார். அப்புறம் மெதுவாக, "அங்க போய் ஒக்காந்துபோட்டு, நாளைக்குப் பண்ணையத்துல எப்பிடிச் சாமி போய் நிக்கறது?" என்றார்.

கொட்டகையைப் பிரிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று, பட்டப்பகலில் ஓடிப்போய் உள்ளே நுழைந்தேன். ஒரு ஆள்கூட இல்லை. தெய்வானை வீட்டார் உட்கார்ந்த பெஞ்சில் ஏறி, நடுவில் உட்கார்ந்தேன். எதிரே வெறும் காய்ந்த துணி. அழுக்குத் திட்டுத் திட்டாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு வந்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

அதெல்லாம் ஒரு காலம்...

போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய தியேட்டருக்குப் பேரப்பிள்ளைகள் என்னைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனார்கள். எனக்கு நட்டநடு சீட். "கார்னர் சீட் கிடைச்சுப்போச்சு, கழுத்து வலிக்குது" என்று கொள்ளுப்பேத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கிடைத்த இடத்தைக் குறை சொல்ல முடிகிறதே என்று அவள் மேலும் எனக்குப் பொறாமைதான். சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும், தெரியும். பொய் சொல்ல வரவில்லை.

திரும்பி வரும்போது பேரனிடம் அந்த ராஜா படத்தைத் தேடச் சொன்னேன். இப்போதுதான் எல்லாம் போனிலேயே வருகிறதே... முன்பக்கமாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்ச் சேரலாம் என்று ஆசை. அவனும் யார் யாரிடமோ கேட்டான். இரண்டு நாள் கழித்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்தப் படச்சுருள் எங்கயுமே இல்லீங்க ஆத்தா. எல்லாம் அழிஞ்சுபோச்சாம்."

தெய்வானை இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கடைசி வரைக்கும் என்னிடம் நன்றாகத்தான் பழகினாள். அவள் சாவுக்குப் போய் நானும் அழுதேன்.

ஆனால் பேரன் அப்படிச் சொன்ன அன்று, செத்துப்போனவள் என்றுகூடப் பார்க்காமல், அவள் மேல் மறுபடியும் வயிறெரிந்தது. அவளாவது பார்த்துவிட்டாள்.