அப்பாவின் அப்பீல்

வரப்புத் தகராறில் நடந்த ஒரு கொலைக்காக, தென்காசிக் கோர்ட்டில் அப்பாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். மதுரை ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டு ஜாமீனில் வீட்டுக்கு வந்தார். "நான் வெட்டலன்னு மதுரைல சொல்லுவாவ, பாரு" என்பார் தினமும். விசாரணை வருமுன்பே மாரடைப்பில் போய்விட்டார்.

துக்க வீட்டுக்காரர்கள் நாற்பத்தோரு நாள் அடுத்தவர் வாசலை மிதிக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அது கழிந்ததும் குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு நானும் அம்மாவும் வக்கீல் வீட்டுக்குப் போனோம். வழக்கு எப்போது வரும் என்று கேட்க வேண்டும். தாலி அறுத்தவள், வருஷம் திரும்பாமல் யார் வீட்டுப் படியும் ஏறமாட்டேன் என்று அம்மா தெருவிலேயே நின்றுகொண்டாள்.

அப்பா போய்ச் சேர்ந்ததைச் சொன்னதும் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஆள் செத்தா அப்பீலும் முடிஞ்சிரும். நாங்க நடத்துதோம்னு முப்பது நாளுக்குள்ள குடும்பத்துல ஒருத்தர் மனு போட்டிருக்கணும். ஒரு போன் பண்ணக்கூடாதா? இனி அவரு குத்தவாளிதான்."

போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. சாவுச் செய்தியை ஊரெல்லாம் சொன்ன போன்.

வெளியே வந்தேன்.

"மதுரைல எப்பச் சொல்லுவாவளாம்?" என்று கேட்டாள் அம்மா.