மூடப்படலாம்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று மணி. சட்டமன்ற வாசலில், உள்ளே போகுமுன் ஒப்படைத்த கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தேன். அன்று நிறைவேறிய மசோதாவில் ஒரு சொல்லின் வாலை மாற்றிவிட்டார்கள். அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே கைபேசியை உயிர்ப்பித்தேன். உடனே கீழ்வீட்டுக்காரர் அழைத்தார். அக்கா மொட்டை மாடியில் விழுந்து கிடந்தாளாம். மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டதாம். இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். இத்தனை வருட இருமலைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அக்கா விடுதிகளுக்குப் படுக்கை விரிப்புகள் வெளுத்துக் கொடுத்தாள். எங்கள் தெருவுக்குப் பின்னால் நிலக்கரி மின்நிலையம். காலையில் ஈரத்துணியால் கொடிக்கம்பியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துடைத்துவிட்டுத்தான் துணியை விரிப்பாள். காய்வதற்குள் சாம்பல் படிந்துவிடும். மறுபடி அலசுவாள். ஒரு விடுதி மேலாளர் மூட்டையைத் திருப்பி அனுப்பி, வெளுக்கத்தானே கொடுத்தோம், கறுக்கவா என்று கேட்டார். அன்று மாலைதான் அக்கா முதல்முறையாகக் குடியிருப்போர் கூட்டத்துக்குப் போனாள்.

குடியிருப்போர் கேட்டதெல்லாம் ஒரு சட்டம். நிலையத்தைக் குறித்த ஆண்டுக்குள் மூட வேண்டும். அந்த மின்சாரத்தை வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் அதே நிலையத்தில் கொதிகலன் பார்ப்பவர். “உன் விரிப்பு வெளுக்கணும்னு என் சோத்துல கை வைக்கிறியாம்மா?” என்று படிக்கட்டிலேயே மடக்கினார். அடுத்த கூட்டத்தில் அக்கா, மூடுவதற்கு முன்பே அங்குள்ளவர்களுக்கு மாற்று வேலை தர வேண்டும் என்பதையும் சேர்த்தால்தான் தானும் வருவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சேர்த்தார்கள். அதன்பின் அவர் எங்கள் துணி மூட்டைகளை மாடிக்குத் தூக்கித் தந்தார். முணுமுணுப்பை மட்டும் விடவில்லை.

எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் அக்காவுக்கு ‘லாம் அக்கா’ என்று பெயர். காரணம் அவரே. ஒவ்வொரு முறையும் பார்க்கலாம், பேசலாம், செய்யலாம் என்பார். ஒருநாள் அக்கா எழுந்தே நின்றாள்.

“‘பாக்கலாம்’னா பாக்க மாட்டீங்கன்னு அர்த்தம் சார். துணி நாளைக்கு வந்துடலாம்னு நான் சொன்னா எந்த விடுதிக்காரன் ஒத்துக்குவான்? ‘வேணும்’னு எழுதுங்க.”

அவர் சிரித்தார்; சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் முன்வரைவில் ‘மூடப்பட வேண்டும்’ என்றே வந்தது. அந்த வரியை என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். படித்தவள் நான், அந்த வால் எவ்வளவு சுலபமாக அறுபடும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

வாக்கெடுப்பு நாளில் விரிப்புகள் நிறைய இருந்தன. நீ முன்னால போ, அந்த ஒரு வார்த்தைய மட்டும் காதுல வாங்கிக்க என்று என்னை அனுப்பினாள். மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தேன். ‘மூடப்படலாம்’ என்று வாசித்தார்கள். ‘மாற்று வேலை வழங்கப்படலாம்’ என்று வாசித்தார்கள். எல்லாக் கட்சியும் மேசையைத் தட்டியது. எங்கள் உறுப்பினர் சற்றுக் கூடுதலாகவே தட்டினார். வாய்க்குள் சாம்பல் கரைந்ததுபோல் ஒரு கசப்பு. அது இன்னும் போகவில்லை.

மறுநாள் உறுப்பினர் பெரிய மலர்வளையத்தோடு வீட்டுக்கு வந்தார். பின்னால் இரண்டு படக்காரர்கள். வெள்ளைச் சட்டையின் கையில் ஒரு கரும்புள்ளி விழுந்ததும், அக்காவின் தலைமாட்டில் நின்றபடியே கைக்குட்டையால் அதைத் தட்டிவிட்டார். பிறகு முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார்.

“அக்கா கனவு நிறைவேறிடுச்சும்மா.”

“நிறைவேறலாம்னு சொல்லுங்க,” என்றேன்.

அவருக்குப் புரிந்தது. புரிந்ததை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. என் தோளைத் தட்டி, “அதெல்லாம் அடுத்த கூட்டத்துல திருத்திடலாம்மா,” என்றார். தட்டிய இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் போலிருந்தது.

சுவரோரம் நின்ற கீழ்வீட்டுக்காரர் மலர்வளையத்தைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தார். “பாவி மனுஷி, எனக்கும் சேத்துல்ல கேட்டா,” என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று நிலையத்துக்குப் புறப்பட்டார். புகைபோக்கி வழக்கம்போல் புகைந்துகொண்டிருந்தது.

எல்லோரும் போனபின் மாடிக்கு ஏறினேன். வாளியில் பிழிந்த விரிப்புகள் அப்படியே இருந்தன. கொடிக்கம்பி பாதிவரை துடைத்திருந்தது. ஈரத்துணி அந்த இடத்திலேயே தொங்கி, காய்ந்து விறைத்திருந்தது. அதற்கு அப்பால் கம்பி கறுப்பாகவே இருக்கிறது.