புங்குடுதீவுக் கடலில் ஒன்றும் இல்லை

ஒன்பதாம் வகுப்போடு வீட்டை விட்டு வெளிக்கிட்டவன் நான். புத்தளத்தில் உப்பளம், மன்னாரில் கருவாட்டு வாடி, அங்கே கைகலப்பு, பிறகு புங்குடுதீவு. அங்கே ஓர் அக்காவுக்கு நண்டு வலை இழுத்துக் கொடுத்தேன். சோறும், படுக்கக் கோழியில்லாத கோழிக்கூட்டில் ஒரு மூலையும் கிடைத்தன. போதும்.

அக்காவுக்குப் புருஷனும் இல்லை, வள்ளமும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் வலை விடுவார், நடந்து போய் எடுப்பார். சாதாளை என்கிற கடற்புல் அடர்ந்த அந்த ஆழமில்லாத துண்டை விட்டால் அவருக்கு வேறு கடல் கிடையாது. புல்லுக்குள் சில நாட்களில் ஏர் இழுத்ததுபோலத் தடம் கிடக்கும். கடற்பசு மேய்ந்த தடம். ஒருமுறை அதன் முதுகையும் கண்டேன்.

அந்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. நாட்டில் எந்த உயிரை, எந்த இடத்தை முதலில் காப்பது, எதை இரண்டாவதாக, எதை மூன்றாவதாக என்று பட்டியல் போடுகிறார்களாம். கரையில் தொழில் செய்கிறவர்களை வாசிகசாலைக்கு வரச் சொன்னார்கள்.

நான் அக்காவை வழியிலேயே மறித்தேன்.

"அக்கா, வாயைத் திறக்காதையுங்கோ. நான் முந்தி நிண்ட ஊரிலை உப்பிடித்தான் கேட்டு எழுதினவங்கள். பிறகு எல்லைக்கல்லுப் போட்டாங்கள். உள்ளுக்கை கால் வைச்சவனைப் பிடிச்சவங்கள்."

"அப்ப என்ன சொல்ல?"

"ஒண்டும் இல்லையெண்டு சொல்லுங்கோ."

உள்ளே ஓர் இளம் உத்தியோகத்தர் படிவத்தோடு கதிரையில் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெடியன்தான்.

"அக்கா, உங்கடை பக்கத்திலை கடற்புல்லு இருக்கோ? கடற்பசு வாறதோ?"

"சேறுதான் தம்பி. ஒண்டும் இல்லை."

"இருந்தால் சொல்லுங்கோ. அப்பதான் முதலிடத்திலை போடலாம்."

"முதலிடம் நெடுந்தீவுக் காட்டுக் குதிரையளுக்கெல்லோ. எங்களை மூண்டாவதிலையாவது போடுங்கோவன்."

எல்லோரும் சிரித்தார்கள். உத்தியோகத்தரும் சிரித்துக்கொண்டே படிவத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, அக்காவிடம் கையெழுத்து வாங்கினார். தண்ணீருக்குள் ஒருவரும் காலை நனைக்கவில்லை. கடலைப் பார்க்காமலே கடலுக்கு இடம் ஒதுக்கிவிட்டுப் போன அவர்களை எனக்கு இன்றும் கண்ணில் காட்டக்கூடாது. அன்று மட்டும் அவர்களை ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு நல்ல பசி எடுத்தது.

மழைக்காலம் முடிய, லொறியில் தடிகள் வந்து இறங்கின. ஆரோ ஒரு முதலாளிக்குக் கடலட்டைப் பண்ணை போட அந்தத் துண்டைக் கொடுத்துவிட்டார்கள். தடி நட்டு, வலை சுற்றி, காவலுக்கு ஆளும் வைத்தார்கள். அக்கா கடற்றொழில் அலுவலகத்துக்கு ஓடினார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்தவர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார்.

"ஒண்டும் இல்லாத இடமெண்டு நீங்கள்தானே கையெழுத்து வைச்சனீங்கள்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் முன்னுக்குப் போனேன்.

"ஐயா, நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனான். அங்கை புல்லு இருக்கு. கடற்பசுவை நான் கண்ணாலை கண்டனான். எழுதுங்கோ."

"நீர் எந்த இடம்?"

"இப்ப இஞ்சைதான்."

"வாக்காளர் இடாப்பிலை பேர் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப உம்மடை வாக்குமூலம் எடுக்க ஏலாது." அவர் பேனையை மூடினார். "பட்டியல் மேலிடத்துக்குப் போயிட்டுது. அடுத்தமுறை போடேக்கை பாப்பம்."

"அடுத்தமுறை எப்ப?" என்று அக்கா கேட்டார். அது தனக்குத் தெரியாது என்றார்.

பஸ் வரும்வரை இருவரும் வெயிலில் நின்றோம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பொத்தும் வாயை," என்றார் அக்கா. "ஒரு இடாப்பிலையும் இல்லாத ஆள் நீர். எனக்குப் புத்தி சொல்ல வந்திட்டீர். நான் இருவது வருசம் நடந்த கடலைப் பற்றி, நேற்று வந்த உம்மட்டைக் கேட்டனான் பாரும், என்னைச் சொல்லவேணும்."

பஸ்ஸில் அவர் ஏறினார். நான் ஏறவில்லை. அவர் திரும்பிப் பார்த்துக் கூப்பிடவும் இல்லை.