பெட்டியில் எழுதிய பெயர்

அப்பாவின் மைக்செட்டுக்கு என் பெயரை வைக்காமல் தங்கையின் பெயரை வைத்ததில் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. நான் பிறந்தபோது அவர் இன்னொருவரிடம் கூலிக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். அவள் பிறந்த வருஷம்தான் சொந்தமாக செட் வாங்கினார் என்று அம்மா சமாதானம் சொல்வாள். இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளிலும் சிவப்பு பெயிண்டில் அவள் பெயர். காதுகுத்தோ கோயில் திருவிழாவோ, பாட்டு நிற்கும்போதெல்லாம் அப்பா மைக்கைப் பிடித்து அந்தப் பெயரை ஊருக்கே சொல்வார்.

அவள் ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்காக வாங்கிய கடன் போகவில்லை. அதன்பிறகு வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. அம்மா பழைய சுங்குடிச் சேலை ஒன்றைப் பெட்டிகள்மேல் போட்டு மூடினாள். செட்டை விற்றுவிடுவது என்று முடிவானது.

விற்றுத் தரும் பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய பைக் வாங்கி விற்கிறவர். ஐம்பதாயிரம் வந்தால் கடன் தீரும். ஆகவே எழுபதில் ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

"விலையச் சொல்லிட்டு வாயப் பொத்திக்கணும் மச்சான். அடிமாட்டு விலைக்குத்தான் கேப்பாய்ங்க. கோவிச்சுக்கக் கூடாது. பாட்டப் போட்டுவிட்டு டீயக் குடுக்கணும்."

டீ கொண்டுவரும் வேலை எனக்கு.

முதலில் வந்த நிலக்கோட்டைக்காரர் வசதியான ஆள். பெட்டியை விரலால் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பழைய மாடல், காயலான் கடைக்குத்தான் போகும் என்று சொல்லி முப்பதுக்குக் கேட்டார். மாமா சிரித்த முகம் மாறாமல் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். கூரைத் தகரம் அதிர்ந்தது. முப்பது முப்பத்தெட்டானது, இரண்டாவது டீயில் நாற்பத்தெட்டுக்கு வந்து நின்றது. மாமா அன்று எனக்குப் பெரிய வீரராகத் தெரிந்தார்.

"பேரை மட்டும் நீங்களே சொரண்டிக் குடுத்துருங்க. நாளைக்கு வண்டி அனுப்புறேன்," என்றார் வந்தவர்.

"ஏ புள்ள, கடைக்கு ஓடிப்போயி உப்புத்தாள் வாங்கிட்டு வா," என்றார் மாமா. அதுவரை வாயே திறக்காத அப்பா எழுந்து பாட்டை நிறுத்தினார்.

"விக்கல," என்றார். பெட்டிகளை மறுபடி சேலையால் மூடினார்.

மறுவாரம் குஜிலியம்பாறை பக்கமிருந்து ஒரு இளைஞன் வந்தான். புதிதாகத் தொழில் தொடங்குகிறவன். சேலையை விலக்கி, எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தான்.

"தேன்மொழி சவுண்ட் சர்வீஸ்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எங்கிட்ட இருபத்தெட்டுதாண்ணே இருக்கு," என்றான். மாமா பாட்டைப் போடப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேரை என்ன செய்வ?"

"கெடந்துட்டுப் போகுதுண்ணே. நான் இன்னும் பேரே யோசிக்கல. இதையே சொல்லிக்கிறேன். பெயிண்டர் கூலி மிச்சம்."

"மைக்குல சத்தமாச் சொல்லுவியா?"

அவன் ஒன்றும் புரியாமல் தலையாட்டினான்.

"எடுத்துக்க," என்றார் அப்பா.

மாமா சாப்பிடாமல் போய்விட்டார். மீதிக் கடனுக்கு அம்மாவின் தோடு போனது. அப்பா பழையபடி கூலிக்குக் குழாய் கட்டப் போனார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று தெருவே பேசியது. எனக்கும் அவர்மேல் கோபம்தான். அவ்வளவு குறைந்த விலைக்கு யாராவது கொடுப்பார்களா? பாக்கியைத் தவணையில் தருவதாகப் பேச்சு இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அதற்குத் தோதாக, குஜிலியம்பாறை பக்கம் எந்த ஊரில் திருவிழா என்றாலும் அப்பா பஸ் ஏறிவிடுவார். மறுநாள் காலையில் வெறுங்கையோடு திரும்புவார். அம்மா அவர் முன்னால் தட்டை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்பாள்.

"சொன்னானா?"

"மூணு தடவ சொன்னான்," என்பார் அப்பா.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். மூன்று தடவையும் பிறகு தருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பான் என்று நினைத்து, அந்தக் குஜிலியம்பாறைக்காரனை மனதுக்குள் திட்டிக்கொண்டே நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவேன்.