தாலாட்டுக்குப் பின்னால் ஓர் அழுகை

நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். என் அண்ணி பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?" என்று எழுந்து போகிறவர். இது அவருக்கு நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை. கீழே வாசிப்பறை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்த ஒரு மழை மாலையில்.

நகரத்துப் பொது நூலகத்தில் அண்ணிக்கு ஒலிப் பிரிவில் வேலை. நகரத்துப் பெண்கள் பரம்பரையாகப் பாடிவந்த பாட்டுகளை, ஐம்பது வருஷங்களுக்கு முன்பு யாரோ அதே கட்டடத்தில், அதே மாடி அறையில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். டேப்புகள் பூஞ்சை பிடித்து வீணாவதற்குள் கணினியில் ஏற்ற வேண்டும். இரைச்சல் இருந்தால் நீக்க வேண்டும்.

அன்று எடுத்தது ஒரு தாலாட்டு. உருக்கமான குரல். ஆனால் பின்னால், எங்கோ தள்ளி, ஒரு கைக்குழந்தை அழுதது.

அண்ணி நூலகருக்கு போன் செய்தார்.

"சார், பாட்டு நெடுக ஒரு குழந்தை அழுதுட்டே இருக்கு. அப்படியே விட்டுடலாமா?"

"வேணாம்மா. புது அரங்கத் திறப்பு விழாவுல போடப்போறோம். சுத்தமா எடுத்துடுங்க."

எடுத்தார். மறுபடி ஓடவிட்டார்.

அழுகை இருந்தது. முன்பைவிடக் கிட்டத்தில்.

மீண்டும் எடுத்தார். மீண்டும் கேட்டார். இப்போது அது அழுகையாகவே இல்லை. மூச்சு முட்டித் திணறுகிற கேவல். பாடுகிறவளின் குரலும் மாறியிருந்தது. பிள்ளையைத் தூங்க வைக்கிறவள் அப்படிப் பாட மாட்டாள். எப்போதடா பாட்டு முடியும், எழுந்து ஓடலாம் என்கிற தவிப்பு.

மணி 5:20. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அழுகை நிற்கவில்லை.

வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

"குழந்தையோட யாராவது மாடிக்கு வந்தாங்களா?"

"யாரும் வரலையே மேடம். ஏன், என்ன குழந்தை?"

அந்த அம்மாவின் காதில் எதுவுமே விழவில்லை.

அறை மூலையில் ஒரு பழைய இரும்பு பீரோ. சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது.

டொக்...

சின்னக் கால் உதைக்கிற மாதிரி.

டொக்... டொக்...

அண்ணி எழுந்தார். பீரோவிடம் போனார். கைப்பிடியைத் தொட்டார்.

சத்தம் நின்றது.

மேசைமேல் கிடந்த ஹெட்போனில் பாட்டும் நின்றது. அந்தப் பெண்ணின் குரல்...

"அழுகச் சத்தமே காணோமே சார்... கதவத் திறங்க சார்..."

ஒரு ஆண் குரல்.

"தூங்குதும்மா. இன்னொரு தடவை பாடு."

பீரோவைத் திறந்தார்.

காலி.

பால் வாடை அடித்தது. தகட்டில் கை வைத்தார்...

சூடு.

மறுநாள் கேட்டபோது பாட்டு மட்டும்தான் இருந்தது. விழாவில் போட்டார்கள். ஒரே கைதட்டல். இனி தினமும் காலையில் குழந்தைகள் பிரிவில் இதைத்தான் போட வேண்டும் என்று நூலகர் மேடையிலேயே அறிவித்தார்.

அந்தக் காலத்தில் டேப் மெஷினை இயக்கிய பெரியவரையும் வரவழைத்திருந்தார்கள். தேநீர் நேரத்தில் அண்ணி அவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"அந்த அழுகைய எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு சார்."

"அழுகையா? இந்த டேப்புல ஏதும்மா அழுகை?"

பெரியவர் சொல்லலாமா என்று யோசித்தார் போல. பிறகு நிதானமாகச் சொன்னார்.

"முன்னாடி எடுத்ததுல எல்லாம் விழுந்துச்சு. அவளோட குழந்தைதான். பீரோவுல வெச்சுச் சாத்தினோம். அப்பவும் கேட்டுச்சு. இறுக்கிப் பூட்டினோம். பழசெல்லாம் அன்னைக்கே அழிச்சாச்சு. இது கடைசியா எடுத்தது. ஒரு சத்தமும் விழாம நல்லா வந்துச்சு."

மிச்ச டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்புறம்தான் பீரோவத் திறந்தோம்."