ஏழாவது கீற்று

சுதந்திரம் வந்த வருஷம், ஊரைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்கார இன்ஜினீயரிடம் அவருடைய தூண்டில்கோலை வாங்கினேன். கறவை மாட்டை விற்ற பணம் முழுவதும் அதற்கே போனது. ஆறு மூங்கில் கீற்றுகளைக் கையால் சீவி, பசை போட்டு ஒட்டிய கோல்.

திருத்தணிப் பக்கம் மூங்கில் உளுத்துப்போகாமலிருக்க அதை ஏரியில் ஊறப்போடுவோம். இதையும் அப்படியே போட்டேன். பத்து நாள் கழித்து எடுத்தால், பசை விட்டு ஆறு கீற்றும் தனித்தனியாக வந்தன. ஊறப்போட்டதை மறைத்து, "துரை ஏமாத்திட்டான்" என்று ஊரெல்லாம் சொன்னேன்.

பொதட்டூர்பேட்டையில் தறி நெய்யும் என் அக்கா புருஷன் கீற்றுகளைத் தடவிப் பார்த்தார்.

"ஒன்னுக்கொன்னு நூலளவுகூட வித்தியாசம் இல்லியே. இதே மாதிரி ஏழாவதா ஒன்னு சீவிக் காட்டு, அப்பறம் அவனைத் திட்டு."

ரோஷத்தில் கத்தியை எடுத்தேன். ஒரு மாசம் சீவியும் ஒன்றுகூட அந்த ஆறு கீற்றுகளோடு பொருந்தவில்லை.

"பாவா, துரை ஏமாத்தல. நான்தான் ஏரியில போட்டேன்" என்று அக்கா புருஷனிடம் ஒப்புக்கொண்டேன்.

"ஆங், தெரியும். அன்னிக்கே கீத்துல சேறு இருந்துச்சி. இன்னும் எதுக்குச் சீவிகினு இருக்கே?"

அடுத்த மூங்கிலை எடுத்துப் பிளந்தேன்.

மீன்பிடிக்கிற கோலுக்கு மாட்டு விலை தகுமா என்று இன்றும் கேட்கிறார்கள். தகும். ஏழாவது கீற்றை நான் இன்னும் சீவி முடிக்கவில்லை.